புஷ்பத்தின் கையில் குத்திய ஊசி

ஒக்டோபர் 14, செவ்வாய்

காலையில் தூறல். இரண்டாம் குப்பை டிராக்டர் மறுபடியும் ஸ்டார்ட் ஆகவில்லை. ஒன்றை வைத்தே பஸ் நிலையம், சந்தை, கடைத்தெரு எல்லாம். தம்புள்ளை லொறி இறக்கிப்போன அழுகல் மரக்கறி வேறு, சந்தை வாசலில் ஆள் உயரத்துக்கு.

பத்து மணிபோல டிரைவர் ராசாவின் ஃபோன். "சேர், புஷ்பத்துக்கு ஊசி குத்திருச்சு."

போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தனியார் மருத்துவ நிலையத்தின் குப்பை. கறுப்பு ஷொப்பிங் பேக். மேலே சோற்றுப் பார்சல், வாழைத்தோல். அடியில் ஊசிகள். உள்ளே கிடந்த மருந்துச் சீட்டில் அவர்கள் பெயரே இருக்கிறது.

புஷ்பம் பதினொரு வருடமாக நான் மேற்பார்வையாளனாக இருக்கும் பிரதேச சபையின் குப்பை டிராக்டரில். இன்னும் தற்காலிகம்தான். வெறுங்கை. இடது உள்ளங்கையில் சின்னப் புள்ளி.

"ஒன்னுமில்ல சேர், கழுவிட்டேன். சந்தைய முடிச்சிட்டுப் போறேனே."

ஆட்டோவில் ஏற்றி மாத்தளை ஆஸ்பத்திரிக்கு. இரத்தம் எடுத்தார்கள். தடுப்பூசி. ஒரு மாதத்துக்கு மாத்திரை. யாருக்குப் போட்ட ஊசி என்று தெரியாததால் மூன்று மாதம் கழித்துப் பார்த்தால்தான் உறுதியாம். வெளியே வந்ததும், "எதுக்கு சேர் மூனு மாசம்?" என்று கேட்டாள். எய்ட்ஸ் என்ற சொல்லை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஒக்டோபர் 15, புதன்

அறிக்கை எழுதினேன். ஒன்றரைப் பக்கம், படம், மருந்துச் சீட்டு. அந்த இடத்தின் உரிமத்தைச் சபை நிறுத்தலாம், வழக்குப் போடலாம். அதிகாரம் முழுக்க நம்மிடம்.

செயலாளர் யாழ்ப்பாணத்துக்காரர். குரல் உயர்த்த மாட்டார். படித்துவிட்டு மூடி வைத்தார்.

"நசீர், அந்த டொக்டர் எங்கடை சபைத் தலைவர், தவிசாளரின்ரை மச்சான் எண்டு தெரியும்தானே. அதோட, கையுறை குடுத்ததா நீங்கள்தான் கையெழுத்து வைச்சிருக்கிறியள். வழக்கெண்டு வந்தா அதைத்தான் முதல் கேப்பினம்."

பதிவேட்டைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். ஆளுக்கு இரண்டு சோடி. சாமான் அடுத்த வாரம் வரும், கணக்குப் பார்க்க ஓடிட் வருகிறது, போட்டுவிடுங்கள் என்றார்கள். போட்டேன். வரவில்லை. நானும் பிறகு கேட்கவில்லை.

ஒக்டோபர் 17, வெள்ளி

மதியம் வரை வெயில். ஜும்ஆத் தொழுகையில் மனம் நிற்கவில்லை.

புஷ்பத்துக்குக் கடிதம். வழங்கிய கையுறையை அணியாததற்கு விளக்கம் கேட்டு, விசாரணை புதன்கிழமை. கொடுக்க வேண்டியவன் நான். சிங்களத்தில் இருந்ததால் என்னையே வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"எனக்கு கிளவுஸ் குடுத்தீங்களா சேர்?" கோபமில்லை. தான்தான் மறந்துவிட்டோமோ என்கிற மாதிரி.

"இல்ல."

"அப்ப சரி." கடிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

ஒக்டோபர் 20, திங்கள். தீபாவளி விடுமுறை

மனைவி பரீதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உள்ளத எழுதிக் குடுத்தா உங்க பென்ஷனுக்கு என்னாகும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. இன்னும் நாலு வருடம் இருக்கிறது.

பின்நேரம் தோட்டத்து லயத்தில் இருக்கும் புஷ்பத்தின் வீட்டுக்குப் போனேன். முறுக்கு வைத்தார்கள். மகள் பிள்ளையோடு வந்திருக்கிறாள். ஆறு மாதம். அது கையை நீட்டி அழுகிறது, புஷ்பம் தூக்கவில்லை, சுவரோரம் நிற்கிறாள்.

"தூக்கினா ஒன்னும் ஒட்டாது, ஆஸ்பத்திரி டொக்டர் சொன்னாருதானே."

"தெரியும் சேர். இருந்தாலும்."

தனிக் கோப்பை, தனித் தட்டு. மாத்திரை போட்டால் வாந்தியாம். போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். பஸ்ஸில் திரும்பும்போது முடிவு செய்துவிட்டேன்.

ஒக்டோபர் 22, புதன்

விசாரணை. தவிசாளர், செயலாளர், இன்னொரு உறுப்பினர். புஷ்பத்துக்கு நாற்காலி போடவில்லை.

கையுறை வரவே இல்லை, நான் பொய்யாகக் கையெழுத்துப் போட்டேன் என்றேன். எழுத்திலும் கொடுத்தேன். தவிசாளர் ஃபோனை வைத்துவிட்டு, "யார் எழுதச் சொன்னது?" என்று சிங்களத்தில் கேட்டார். யாருமில்லை என்றேன். செயலாளர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு முடிவு:
புஷ்பம் மீது குற்றமில்லை.
மருத்துவ நிலையத்துக்கு அறிவுறுத்தல் கடிதம் ஒன்று.
எனக்கு வேலை இடைநிறுத்தம். பதிவேட்டில் பொய் எழுதியதற்கு. அது சரிதான்.

ஒக்டோபர் 24, வெள்ளி

வீட்டில். அலுவிகாரைப் பக்கம் விடியலிலிருந்தே மழை. ஏழு மணிக்கு வேலைச் சப்பாத்தைப் போட்டுவிட்டுக் கழற்றினேன்.

பதினொன்றுக்கு ராசா பேசினான். மருத்துவ நிலையத்து வாசலில் அதே கறுப்பு பேக்தானாம். புது மேற்பார்வையாளர் ஏற்றச் சொல்லிவிட்டார். புஷ்பம் வேலைக்கு வந்தாளா என்று கேட்டேன்.

"வந்தாங்க சேர். அந்த பேக்க எங்க யாரையும் தொட விடல. 'எனக்குத்தான் ஏற்கனவே குத்திருச்சே, நீங்க தள்ளி நில்லுங்க'ன்னு அவங்களே தூக்கிப் போட்டாங்க."