பதினொரு சித்தப்பாக்கள்

தாராவி, 12.7.1966

அம்மா,

நீ கண்ணாடிப் பாத்திரம் என்று பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளைதான் எழுதுகிறேன். "பம்பாய் போதும், ஊருக்கு வந்து வீட்டோடு கிட" என்கிறாய். வர மாட்டேன்.

போன வாரமும் கையில் அடிபட்டு, என் ரத்தம் உறைய மறுத்தது. சொந்தக்காரர்கள்தான் ரத்தம் தரலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். உடனே நான் வேலை பார்க்கும் தோல் ஷெட்டிலிருந்து பதினொரு பேர் வந்து, "நான் இவனுக்குச் சித்தப்பா" என்று வரிசையில் நின்றார்கள். கடைசி ஆள் காசிம் பாய்.

"ஒங்க தாத்தாவுக்கு என்ன நூறு பிள்ளையா தம்பி?" என்றார் நம்மூர் நர்ஸ்.

"மிச்சப் பேரு ஷிப்டுல இருக்காவ, சிஸ்டர்!" என்றேன்.

ஊரில் என் சொந்தச் சித்தப்பா ஊசியைப் பார்த்ததும் ஓடினாரே, அவரை இங்கே அனுப்பு. பன்னிரண்டாவது ஆளாக நிற்கட்டும்.

எழுத்து கோணலாக இருக்கிறதென்று பயப்படாதே. வலது கைக்கு இந்த வாரம் லீவு.

இப்படிக்கு,
உடையாத உன் மகன்