கையைப் பின்னால் கட்டச் சொன்ன டீச்சருக்கு

டீச்சர்,

நேற்று என் வீட்டுக்குள் பினாயில் நெடி ஏறிவிட்டது. என் மகன் மதுரையிலிருந்து காரில் வந்து இறங்கினான். கோயில் பிரசாதம் கொண்டுவருகிறவன் மாதிரி ஒரு பாட்டிலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, நான் பீடி சுற்றிக்கொண்டிருந்த சுளகுக்குப் பக்கத்தில் வைத்தான். மூடி சரியாக மூடவில்லை. புகையிலை வாடையையும் அமுக்கிக்கொண்டு அந்த நெடி மண்டைக்குள் போனது. பாட்டிலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'சிறப்புக் குழந்தைகள் தயாரித்தது' என்று படித்தேன்.

"யாருலே செஞ்சது?"

"ஒரு இல்லத்துலம்மா. நம்ம இசக்கி மாதிரி உள்ளவங்களுக்குன்னே நடத்துதாங்க. நாப்பது வயசு ஆளுக கூட அங்கன இருக்காங்க. நல்லா பாத்துக்கிடுதாங்க."

நாற்பது வயது ஆள் குழந்தையாம். அந்தக் குழந்தை பினாயில் கலக்குமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் சுளகைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அப்போதுதான் உங்கள் குரல் காதுக்குள் கேட்டது. கடலுக்குள் நிற்கிற படகைக் கரையிலிருந்து கூப்பிடுகிற, உங்கள் ஊர் உவரிக் குரல். "பினாயிலும் மெழுகுவர்த்தியும் செஞ்சு வச்சா, பாவப்பட்டு நாலு பேரு வாங்கிட்டுப் போவான். அதுக்குப் பேரு பொழப்பா ஆச்சி?" என்று ஒரு நாள் என் வாசலில் நின்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினீர்களே, அந்தக் குரல்.

உங்கள்மேல் எனக்கு இருக்கிற கோபம் தனி. நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டதால் அது போய்விட்டது என்று நினைக்கவேண்டாம்.

முதல் நாளே ஆரம்பித்துவிட்டீர்கள். இசக்கி என் மகள் பெற்ற பிள்ளை. மகள் காய்ச்சலில் போனாள். மருமகன் கருமாதிக்குப் பிறகு சாத்தான்குளத்தில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். சாத்தான்குளம் என்று பலகை போட்ட பஸ்ஸைக் கண்டால் இன்றைக்கும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். புத்தி பைய வளர்கிற பிள்ளை என்று டாக்டர் சொன்னார். பையத்தானே வளரட்டும் என்று நான் ஊட்டி, குளிப்பாட்டி, சடை பின்னி, செருப்பு மாட்டி வைத்திருந்தேன். அரசாங்கத்திலிருந்து வீடு தேடி வருகிற டீச்சர் என்று நீங்கள் வந்தீர்கள். நான் அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டீர்கள்:

"நீங்க செத்துப் போயிட்டா, மறுநாள் காலைல இவ என்னத்தச் சாப்பிடுவா ஆச்சி?"

முன்பின் தெரியாத வீட்டில், சோற்றுக் கிண்ணத்துக்கு முன்னால் கேட்கிற கேள்வியா அது? "எந்திரிச்சுப் போம்மா வெளிய" என்றேன். போனீர்கள். அடுத்த வாரம், ஒன்றுமே நடக்காத மாதிரி சிரித்துக்கொண்டு வந்து நின்றீர்கள். அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அதைவிட மோசம், என் கையைக் கட்டிப்போட்டது. இசக்கி பித்தானோடு மல்லுக்கட்டுவாள். மேல் பித்தானைக் கீழ்க் காஜாவில் நுழைப்பாள். என் கை தன்னாலே போகும். சின்ன வயதிலிருந்து பீடி சுற்றுகிற கை, டீச்சர். தூக்கத்தில் கூட விரல் இலையைத் தேடும். "ஆச்சி, கையைப் பின்னால கட்டுங்க" என்பீர்கள். கட்டுவேன். அவள் அழுவாள். நான் அவிழ்ப்பேன். "கட்டுங்க!" என்பீர்கள், கிளாஸில் சேட்டை பண்ணின பிள்ளையை மிரட்டுகிற மாதிரி. அவள் தோசையைக் கருக்கினாள், விரலைச் சுட்டுக்கொண்டாள், தலை வாரி வகிடு கோணலாக எடுத்தாள். நான் பின்னால் கட்டின கையோடு நின்று உங்களை மனசுக்குள் ஏசினேன். பிறகு வாய்விட்டே ஏசினேன். "உமக்குப் பிள்ளை இருந்தால்ல தெரியும்" என்று கூடச் சொன்னேன். நீங்கள் "அடுப்பப் பாரு இசக்கி" என்றீர்கள்.

மிட்டாய் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் முக்கூடல் தெருவில் இசக்கிக்குக் கடலை மிட்டாய் கொடுக்காத கடை கிடையாது. கையை நீட்டினால் போதும். "பாவம் பிள்ளை" என்று கன்னத்தைக் கிள்ளி, மடியில் உட்கார வைத்துக் கொடுப்பார்கள். நீங்கள் கடை கடையாக ஏறி, இனிமேல் சும்மா கொடுக்கக் கூடாது, கன்னத்தைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். தெருமுனைக் கடைக்காரர் என்னிடம் வந்து பொருமினார். "பாவத்துக்கு ஒரு முட்டாய் குடுக்கதுக்குக்கூட உங்க டீச்சரம்மாட்ட அனுமதி வாங்கணுமோ?"

அவரையும் வைத்துக்கொண்டு உங்களிடம் சண்டைக்கு வந்தேன். நீங்கள் அவரைப் பார்த்துத்தான் பேசினீர்கள்.

"அண்ணாச்சி, நீங்க நல்லவுக. ஆனா அவ குமரியாயிட்டா. இன்னைக்கு உங்க முட்டாய்க்குக் கை நீட்டி மடியில உக்காருதவ, நாளைக்கு யாருன்னே தெரியாதவன் குடுத்தாலும் போய் உக்காருவா. அன்னைக்கு நீங்க அங்கன இருப்பியளா?"

அவர் முகம் செத்துப்போனது. கடையைப் பார்க்கப் போய்விட்டார். நானும் பொங்கல் வரைக்கும் உங்களோடு பேசவில்லை. நான் செய்தது தப்பு என்று எழுதுவேன் என்று பார்க்காதீர்கள். எழுதமாட்டேன். சொன்ன விதம் தப்பு. இன்னும் அப்படித்தான் சொல்வேன்.

பஸ்ஸைச் சொல்லாமல் விடுவேனா? திருநெல்வேலியில் ஒரு மெஸ்ஸில் வாழை இலை கழுவித் துடைத்து அடுக்குகிற வேலை பிடித்துக் கொடுத்தீர்கள். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிப்போனீர்கள், பிறகு பின் சீட்டில். பிறகு தனியாக அனுப்பப் போகிறேன் என்றீர்கள். அன்றைக்கு நான் முந்தானையால் மூக்குவரை மூடிக்கொண்டு கடைசி சீட்டில் ஒளிந்திருந்தேன். எப்படிக் கண்டீர்களோ, படியில் பாய்ந்து ஏறி என்னை இறக்கிவிட்டுத்தான் பஸ்ஸைப் போகச் சொன்னீர்கள். கண்டக்டர் சிரித்தான். அவன் முகமும் எனக்கு மறக்கவில்லை.

இத்தனையும் செய்துவிட்டு, நான் செத்தால் என்று கேட்ட மனுஷி, என்னைவிட இளையவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் முந்திக்கொண்டீர்கள். இது என்ன நியாயம்?

மகன் போனில், "இசக்கிட்ட சொல்லாதீங்கம்மா. சாவு வீட்ல ஏதாவது சத்தம் போட்டிருவா" என்றான். சொல்லாமல்தான் நான் பாளையங்கோட்டைக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். உள்ளே நுழைந்தால் உங்கள் தலைமாட்டில் அவள் நிற்கிறாள். மெஸ் முதலாளி சொல்லியிருக்கிறார். இலைத் தண்ணீர் பட்ட ஈரப் பாவாடையோடு, டவுன் பஸ் மாறி, கையில் ஒரு ரோஜா மாலையோடு வந்திருக்கிறாள். யாரோ ஒருத்தி, "பாவம், இதுக்கு வெவரம் தெரியாதுல்லா" என்று சொல்லி அவள் கையில் பிஸ்கட்டைத் திணித்தாள்.

"வேண்டாம். தெரியாதவங்க குடுத்தா நான் வாங்கமாட்டேன்" என்றாள் இசக்கி. பிறகு அவளையே பார்த்து, "டீச்சர் எந்திரிக்கமாட்டாங்க. எனக்குத் தெரியும்" என்றாள். மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தது. துடைக்க என் கை போனது. அவளே பாவாடை நுனியால் துடைத்துக்கொண்டாள். செத்துக் கிடந்தும் என் கையைக் கட்டிப்போட்டீர்கள், பாருங்கள்.

நேற்று விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டில் என் மகன் சொன்னான், "உங்களுக்குப் பெறகு இவள யாரும்மா பாப்பா? என் வீட்ல நடக்காது. நாளைக்கு இல்லத்துல போய்ப் பேசி சேத்திருவோம்."

அவள் சுட்ட தோசையை, அவள் அரைத்த சட்னியில் தொட்டுத் தின்றுகொண்டே கேட்கிறான், யார் பார்ப்பார் என்று. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்றைக்குக் காலையில் அவள் பையைத் தோளில் மாட்டினாள். இவன் கார்க் கதவைத் திறந்துவைத்து நின்றான்.

"ஏட்டி இசக்கி, இன்னைக்கு லீவு போடு. ஒரு எடம் பாத்துட்டு வருவோம்."

"இன்னைக்கு முகூர்த்தம் மாமா. இலை நெறைய வரும்."

"ஒரு நாள் போகலைன்னா ஒண்ணும் ஆவாது."

"பினாயில் எடத்துக்கு நான் வரல."

அவன் அவள் கையைப் பிடித்தான். இசக்கி ஒரு அடி பின்னால் போய், நீங்கள் எங்கள் வாசலில் நிற்கவைத்துத் திரும்பத் திரும்பக் கத்தச் சொல்லிப் பழக்கின அதே குரலில், "கையை விடுங்க!" என்றாள். தெருமுனைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் விளக்குவதை நிறுத்தினார்கள். என் மகன் கையை விட்டான். அவள் திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அவன் பின்னாலேயே ஓடப் பார்த்தான். நான் குறுக்கே போய் நின்றேன்.

"ஏலே, கையைப் பின்னால கட்டு."

"என்னம்மா வெளையாட்டு?"

"கட்டுலே!"

கட்டினான் டீச்சர். மதுரையில் அதிகாரியாக இருக்கிறவன், இஸ்திரி போட்ட சட்டையோடு, கிளாஸ் பிள்ளை மாதிரி நடுத்தெருவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். நானும் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பஸ் வந்தது. அவள் ஏறினாள். ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்தது தெரிந்தது. எங்களைப் பார்க்கக் கூட இல்லை.

பினாயில் பாட்டிலை அவன் காரிலேயே வைத்து அனுப்பிவிட்டேன். திரும்பக் கொண்டுவந்தால் பாட்டிலோடு சேர்த்து அவனையும் வெளியே நிறுத்துவேன். பிறகு உட்கார்ந்து சுளகை மடியில் எடுத்தேன். நாலு பீடி சுற்றி நாலும் அவிழ்ந்தது. அதுதான் இந்தத் தாளை எடுத்தேன்.

நான் செத்த மறுநாள் அவள் என்ன சாப்பிடுவாள் என்று கேட்டீர்களே. தோசை சுட்டுச் சாப்பிடுவாள். வகிடு கோணலாகத் தலை வாருவாள். அன்றைக்கு முகூர்த்தமாக இருந்தால் என் சாவுக்கு லீவு கூடப் போடமாட்டாள்போலிருக்கிறது. அங்கே வந்ததும் அதற்கும் உங்களைத்தான் ஏசுவேன்.