பேச்சியம்மா அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடி

என் பிரியமுள்ள பேச்சியம்மா அக்காவுக்கு,

"எழுத்து வாசிக்கத் தெரியாதவளுக்கு எதுக்குத் தம்பி கடுதாசி?" என்று கேட்பீர்கள். உங்களுக்காக நான் எழுதிய முதல் எழுத்து உங்கள் வாக்குமூலம். நான் வாசிக்க வாசிக்கக் கேட்டு, "நான் இப்படியா சொன்னேன்?" என்று இரண்டு இடத்தில் திருத்தச் சொல்லிவிட்டுத்தான் கைநாட்டு வைத்தீர்கள். இதில் தப்பு இருந்தால் திருத்தச் சொல்ல நீங்கள் இல்லை.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் வாயால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், என் தப்போடு சேர்த்து.

எமர்ஜென்சி முடிந்த வருஷத்து மழைக்காலம் அது. போடிக்கு நான் இன்ஸ்பெக்டராக வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. போடிமெட்டுக்குக் கீழே ஏலத்தோட்டத்து ஓடைக்கரையில் உங்கள் மகள் சாந்தி இறந்துகிடந்தாள். பதினாறு வயது. பின்மண்டையில் அடி. தகப்பன் இல்லாத பிள்ளை. நீங்களும் அவளும் ராசிங்காபுரத்திலிருந்து காய் பறிக்க மலையேறி, தோட்டத்தில் வேலையாட்களுக்கான லயத்து வீட்டில் தங்கியிருந்தீர்கள். உங்கள் தம்பி தங்கராசு அதே தோட்டத்தில் கங்காணி. காய் உலர்த்தும் ஸ்டோரும் அவன் பொறுப்பில்தான் இருந்தது.

கதை சொல்ல எனக்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. வேலையாட்களை ஏற்றிவரும் ஜீப்பு டிரைவர் முருகனோடு சாந்தி சிரித்துப் பேசுவாளாம், அவனைப் பார்க்கத்தான் ஓடைக்குப் போயிருப்பாளாம். முதலில் சொன்னது தங்கராசு. தாய்மாமனே சொல்கிறானே என்று நம்பினேன். அன்று ராத்திரி பிள்ளையைத் தேடக்கூட வரமுடியாமல், காய் உலர விடிய விடிய எரியும் ஸ்டோர் அடுப்பு தன்னைக் கட்டிப்போட்டுவிட்டதாகச் சொல்லி அழுதான். அதையும் எழுதிக்கொண்டேன். முருகனைப் பிடித்துக் கொண்டுவந்து ஒன்பது நாள் ஸ்டேஷனில் வைத்தேன். அடித்தேன். ஏட்டு அடித்தார் என்று சொல்லி நழுவமாட்டேன். என் கைதான் அக்கா.

உங்கள் வீட்டு ஆண்கள் ஆறு பேரை விசாரித்தேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் போய் என்ன கேட்பது என்று விட்டுவிட்டேன். அதை மரியாதை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் காலையில் நீங்களே ஸ்டேஷனுக்கு வந்தீர்கள். "வீட்டு ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?" என்று கேட்டேன்.

"எம் புள்ளயக் குளிப்பாட்டுனது ஆம்பளையா? நானு! உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் இந்தக் கையாலதான் தேச்சேன். கால்ல ஒத்த அட்டக்கடி இல்ல சார்."

எனக்கு விளங்கவில்லை. உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்த மழையில ஓடைக்கு நடந்து போனா ரெண்டு காலும் ரத்தமாப் போகும். நீங்களும் போனீங்கள்ல? உங்கள அட்ட கடிக்கலையா?"

கடித்தது. ஏழு அட்டையைப் பிடுங்கி எறிந்தவன் நான். அப்படியும் மூளைக்கு எட்டவில்லை. சாந்தி அந்த ஓடைக்கு நடந்து போகவே இல்லை. செத்தபிறகு யாரோ தூக்கிக்கொண்டு போய்ப் போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் உடம்பில் இருந்த காயத்தை எழுதினார். இல்லாத காயத்தை அவர் ஏன் எழுதப்போகிறார்?

"அப்ப யாரும்மா?" என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்.

"அடுப்ப விட்டு நகரலன்னு சொன்னான்ல எந்தம்பி? விடிஞ்சதும் அவன் காலுக்குச் சுண்ணாம்பு தடவிவிட்டது நாந்தான். முழங்கால் வரைக்கும் அட்டக்கடி. புள்ளயக் காணோம்னு அலைஞ்சுக்கிட்டு இருந்தனா, எனக்கு ஒண்ணும் தோணல."

அவன் சாந்தியைத் தனக்குக் கட்டிவைக்கக் கேட்டதும், அவள் மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னதும், ஸ்டோரில் வைத்து அவன் அடித்ததும் பிறகுதான் வெளியே வந்தன. முருகனை விட்டுவிட்டேன்.

"கோர்ட்டுல வந்து சொல்லுவீங்களா?"

"சொன்னா எனக்குப் பொறந்த வீடு அத்துப்போகும். நாளைக்கு நான் செத்தா கோடி போட ஒருத்தன் வரமாட்டான், தம்பி."

அன்றுதான் என்னை முதன்முதலாகத் தம்பி என்றீர்கள். கூடப்பிறந்தவன் கொண்டுவரும் கோடிச்சேலை மேலே விழாமல் ஒரு பெண்ணை எடுத்துப்போவது எவ்வளவு பெரிய குறை என்று எனக்குத் தெரியும். "கோடி நான் போடுறேன்க்கா" என்றேன். இன்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கேஸுக்குச் சாட்சி வேண்டும் என்பதற்காகச் சொன்ன வார்த்தை அது. நீங்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டீர்கள்.

கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுக்க வெட்கமாக இல்லையா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். "தம்பி, மக ரெண்டு பேரையும் இடுப்புல தூக்கி வளத்தவ நானு. எனக்கு யாருய்யா வெக்கம் சொல்லித் தர்றது?" என்றீர்கள். தங்கராசுக்கு ஆயுள் தண்டனை. அதற்குப்பிறகு தேவாரம் ஊரில் இருக்கும் உங்கள் பிறந்த வீட்டார் நல்லது கெட்டது எதற்கும் உங்களைக் கூப்பிடவில்லை.

மாற்றலாகிப் போனபிறகும், ஓய்வு பெற்றபிறகும் போடிப் பக்கம் வந்தால் உங்களை எட்டிப்பார்ப்பேன். காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் அதையேதான் கேட்பீர்கள். "முருகங்கிட்ட மன்னிச்சிருன்னு ஒரு வார்த்த சொன்னியா தம்பி?" "சொல்றேன்க்கா" என்று மழுப்பிவிட்டு எழுந்துவிடுவேன். காக்கி போட்டவன் ஜீப்பு டிரைவரிடம் போய் எப்படிக் கேட்பது? காக்கியைக் கழற்றியபிறகும் அந்த வீம்பு மட்டும் போகவில்லை.

நீங்கள் போய்விட்டீர்கள் என்று போன மாதம் தந்தி வந்தது. அடித்தவன் முருகன். போடியில் பஸ்சை விட்டு இறங்கி, கடைவீதியில் கோடிச்சேலை கேட்டேன். "யாருக்குண்ணே?" என்றார் கடைக்கார பாய். "எங்க அக்காவுக்கு" என்றேன்.

உங்களை எடுக்கும் நேரம் வந்தது. "பொறந்த வீட்டுக் கோடியக் கொண்டாங்கப்பா" என்று சத்தம் கொடுத்தார்கள். தேவாரத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. நான் சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறேன். தம்பியை ஜெயிலுக்கு அனுப்பியவனே தம்பி என்று வந்து நிற்பதா? ஊர் என்ன சொல்லும்?

முதுகில் ஒரு கை பட்டது. முருகன். "வெரசாப் போங்க சார். அக்கா உங்களத்தான் சொல்லி வச்சிருக்கு."

நான் அடித்த மனிதன் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் உங்கள் முன்னால் நிறுத்தினான். கோடியைப் போர்த்தினேன். வாய்விட்டு அழுதேன் அக்கா. என் சொந்த அம்மா போனபோதுகூட அப்படி அழவில்லை.

அன்றைக்கும் அவனிடம் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை ஜீப்பில் கொண்டுவந்து விட்டான், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், அப்போதும் கேட்கவில்லை. கோடி போட்டுவிட்டால் தம்பி ஆகிவிடுவேனா? அக்கா சொன்ன சோலியை யார் முடிப்பது?

நாளைக் காலை முதல் பஸ்சில் போடிக்குப் போகிறேன். ஒன்பது நாள் அவனை ஊரறிய ஸ்டேஷனில் வைத்திருந்தேன். அதனால் தனியாகக் கூப்பிட்டுக் காதோடு கேட்கப்போவதில்லை. ஜீப்பு ஸ்டாண்டில், மற்ற டிரைவர்கள் எல்லோரும் இருக்கும்போது கேட்பேன். அவன் திட்டினாலும் நின்று வாங்கிக்கொள்வேன். இது உங்களிடம் காரியத்துக்காகச் சொல்லும் வார்த்தை அல்ல.

உங்கள் கூடப்பிறந்த தம்பி,
நம் சாந்திக்குத் தாய்மாமன்.