குகைக்குள் சின்னவளும் வந்தாள்

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். உங்கள் வீட்டில் அனைவரும் நலமாயிருக்க வேண்டுமென்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். ஃபோனில் பேசினால் உங்கள் தங்கை பிடுங்கிக்கொள்வாள். அவளிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. தாளைக் கண்ணாடிக் கதவில் ஒட்டினால், நர்ஸம்மா வெளியிலிருந்து படமெடுத்து உங்களுக்கு அனுப்புவார்.

ஆஸ்பத்திரியின் இந்தத் தனி அறையில் இன்று ஒன்பதாம் நாள். இன்னும் காய்ச்சல் இல்லை. பதினேழு வருடம் குகையைச் சுற்றிக் காட்டிய எனக்கு, வௌவால்கள் வீட்டு ஆட்கள் மாதிரி. இப்போது நான்தான் தலைகீழாகத் தொங்குகிறேன்.

நான் கூட்டிப்போன புகைப்படக்காரர் இறந்துவிட்டார். வௌவால் எச்சத்தின் மேலேயே படுத்துப் படமெடுத்தவர். கடைசியில் ஈறெல்லாம் ரத்தமாம். அதே கிருமி குகை வௌவால்களிடமும் இருக்கிறதாம். குகையைப் பூட்டிவிட்டார்கள்.

“உள்ள வேற யாராவது வந்தாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்று டாக்டர் மூன்று தடவை கேட்டார். இல்லை என்றேன். பொய் மச்சான்.

புகைப்படக்காரரைக் கூட்டிப்போன அன்று பள்ளி விடுமுறை. உங்கள் தங்கை தையல் கம்பெனிக்குப் போயிருந்தாள். சின்னவளையும் கூட்டிப்போனேன். கீழே விழுந்து கிடந்த வௌவால் குட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, “அப்பா, இதுக்கு நெஞ்சு அடிக்குதுப்பா” என்றாள். அம்மாவிடம் சொல்லாதே என்றேன். மறுநாளே தாயும் மகளும் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

சொன்னால் ஏழு வயதுப் பிள்ளையையும் இப்படி அடைத்துவிடுவார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். இன்று காலை உங்கள் தங்கை ஃபோனில், “சின்னவ சரியாவே சாப்பிடல, உடம்பு சுடுது. வெயில் ஒத்துக்கல போல” என்றாள். உங்கள் பிள்ளைகளும் அவளோடு ஒரே பாயில்தானே படுக்கிறார்கள்!

உடனே டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. “விலாசம் சொல்லுங்க” என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவளைக் கூட்டிவர ஆஸ்பத்திரி வண்டி கிளம்பிவிட்டது மச்சான். அவளை ஒளித்துவைக்காதீர்கள். யாரும் தொட வேண்டாம், தனியே உட்கார வையுங்கள். முகமூடிக்காரர்களைப் பார்த்து மிரளுவாள். உங்கள் தங்கையை அவள் கண்ணில் படும்படி நிற்கச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் காய்ச்சல் பாருங்கள்.

என்னை நீங்கள் மன்னிக்க வேண்டாம். ஆனால் “அதை ஏன் தொட்டே?” என்று மட்டும் அவளை யாரும் கேட்டுவிடாதீர்கள், காலில் விழுந்து கேட்கிறேன். அவள் பயந்து பின்வாங்கத்தான் செய்தாள். ஒண்ணும் பண்ணாது, தூக்கும்மா என்று சொன்னவன் நான்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்