அத்தான் என்றால் பொறு

நேற்று உன் அப்பா வந்து உன் குத்துச்சண்டை க்ளவுஸை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பையைப் பிரித்ததும் அதே வாசனை. நனைந்த செருப்பையும் புளித்த மோரையும் ஒரே டப்பாவில் போட்டு மூடியது போல. நீ இருந்தபோது மூக்கைப் பொத்திக்கொள்வேன். நேற்று பொத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஜன்னலைத் திறந்தேன்.

உப்பளம் மைதானத்தில் நாம் போட்ட ஒரே சண்டை நினைவுக்கு வந்தது. சண்டை என்பது ஒரு மரியாதைக்குத்தான்.

நம் இருவருக்கும் ஒரே வித்தை. எதிராளி முதலில் குத்த வேண்டும். அதை விலக்கி, அவள் கை திரும்புவதற்குள் நாம் கொடுக்க வேண்டும். பாய்ந்து வருகிறவளிடம் நீ இதைச் செய்தால் மைதானமே விசிலடிக்கும். என்னையும் பரவாயில்லை என்பார்கள். ஆனால் மாஸ்டர் பயிற்சியில்கூட நம்மை மோதவிட்டதில்லை. "ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு வழி விட்டுகினு நிக்கும்" என்பார். என்ன செய்ய, புதுச்சேரி அணியில் நம் எடைக்கு ஒரே இடம்தான். அதற்காக நான் மூன்று மாதம் ராத்திரிச் சோற்றை விட்டிருந்தேன். நீ விடவில்லை. ஆனாலும் உன் எடை எப்படியோ சரியாக நின்றது.

மணி அடித்தது. நீ எனக்காகக் காத்திருந்தாய், நான் உனக்காக. சுற்றிச் சுற்றி வந்தோம். நடுவர் இரண்டு முறை எச்சரித்தார்.

"என்னாபா, பொண்ணு பாக்க வந்துகிறாங்களா? யாராச்சும் காபி குடுங்க!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

மூன்றாவது சுற்றில் உன் அப்பா எழுந்து நின்றார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் இல்லையா, பதற்றம் வந்தால் தமிழ் மறந்துவிடும். "அத்தான்! அத்தான்!" என்று கத்தினார். பிரெஞ்சில் அதற்குப் 'பொறு' என்று பொருள். நீ இன்னும் பொறுக்க வேண்டுமாம்!

பக்கத்தில் இருந்தவருக்கு அது எப்படித் தெரியும்? "யாருங்க உங்க அத்தான்? அந்த ரெஃப்ரியா?" என்றார்.

"அக்கா ஊட்டுக்காரரயே ரெஃப்ரியா போட்டா எப்படி? அநியாயமா இருக்குதே!" என்று பின்வரிசை எகிறியது.

உன் அப்பா காதில் எதுவும் விழவில்லை. மறுபடியும் "அத்தான்!"

நடுவர் பயந்துபோய் மேசைப் பக்கம் திரும்பினார். "சார், சத்தியமா இவர நான் பாத்ததே இல்ல."

முதலில் சிரித்தது நீ. உன் கை இறங்கியது. நான் மூன்று மாதம் சோற்றை விட்டது அந்த ஒரு நொடிக்காகத்தான். அடிக்காமல் நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தபோது உன் இடது கை என் மூக்குக்கு வந்தது. முழுச் சண்டைக்கும் ஒரே குத்து. நீ அணிக்குப் போனாய்.

நான்கு மாதம் நாம் பேசவில்லை. நீ வந்து பேசட்டும் என்று நான், நான் வரட்டும் என்று நீ. ஞாயிறுதோறும் பெரிய மார்க்கெட்டில் உன்னைக் கண்டதும் நான் வஞ்சிரத்தைப் பார்ப்பேன், நீ நண்டைப் பார்ப்பாய்.

"என்னாடி, மீன மொறச்சிகினே நிக்கிறீங்க? வாங்கப் போறீங்களா இல்லியா?" என்று மீன்காரம்மா கேட்ட அன்றைக்குத்தான் என் தோளில் ஒரு குத்து விழுந்தது.

"பேசுடி. நான் அடிச்சிட்டேன், இப்ப உன் மொற. அடி."

தோளை நீட்டிக்கொண்டு நின்றாய். எனக்கு முறுக்கு முழுசாக இறங்கவில்லை. நேரம் பார்த்துக் கொடுப்பதுதானே என் வித்தை? "அத்தான்" என்றேன். மீன்காரம்மா மாப்பிள்ளை எங்கே என்று எட்டிப் பார்த்தார். சிரித்துச் சிரித்து நீ இறால் பையைக் கீழே போட்டாய்.

அடுத்த மழைக்கு உனக்கு வந்த காய்ச்சல் யாருக்காகவும் பொறுக்கவில்லை. ஒன்பதே நாள்.

நேற்று உன் அப்பா கேட்டுக்கு வெளியே பையோடு நின்றார். நான் உள்ளே நின்றேன். அவர் பேசட்டும் என்று நானும், நான் பேசட்டும் என்று அவரும். நல்லவேளை, சீக்கிரமே எனக்கு அது உறைத்தது. "உள்ள வாங்கப்பா" என்று நானே முதலில் சொன்னேன்.

அவர் போன பிறகு வலது க்ளவுஸில் கையை விட்டுப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. நீ கேட்ட அந்த அடியும் கையில் அப்படியே இருக்கிறது. தோள்தான் இல்லை.