படையலுக்கு வராத ஜெர்சி

என் அருமைச் செல்வி, எனக்கு மூன்றே மாதம் இளையவளே,

உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். இந்திய ரக்பி அணியோடு வெளிநாடு போய் ஆடிவிட்டு வந்துவிட்டேன். நான்கு ஆட்டம், ஒன்றில் ஜெயித்தோம். ஒன்பதாம் நம்பர் ஜெர்சி எனக்குத்தான். திண்டிவனத்திலிருந்து பாசஞ்சரில் வந்து விழுப்புரம் மைதானத்தில் என்னோடு மல்லுக்கு நின்றாயே, எல்லாம் இந்த நம்பருக்காகத்தானே? அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல் மட்டும் வராமல் இருந்திருந்தால் அது உன் முதுகில் இருந்திருக்கும்.

கிளம்பும் முன் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். நான் திரும்பி வருகிற வாரம்தான் உனக்கு வருஷப் படையல். கல்யாணம் ஆகாமலே போய்ச் சேர்ந்த பெண்ணுக்குப் புதுத்துணி வைத்துப் படைக்க வேண்டுமே, அதற்குப் பாவாடை தாவணி எடுக்கக் கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நான்தான் தடுத்தேன்.

"துணி எடுக்காதீங்கம்மா. அவளுக்கு ஜெர்சிதான் வெக்கணும். நான் எடுத்துக்கினு வர்றேன்."

வாய்க்கொழுப்பு எனக்கு.

சென்னையில் இறங்கியதும் அணி மேலாளர் ஒரு பெரிய பையை விரித்துக்கொண்டு நின்றார். ஜெர்சியை எல்லாரும் அதில் போட்டுவிட்டுப் போக வேண்டுமாம், அடுத்த டீமுக்கு வேண்டுமாம். உன் படையலைப் பற்றிச் சொன்னேன். "செத்துப்போனவங்களுக்கு எதுக்கும்மா ஜெர்சி? அடுத்த டூர் வர்ற எண்ணம் இருக்கா, இல்லையா?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உதட்டில் தையல் போட்டுக்கொண்டு ஆடியவள் நான். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தவர் அவர். அவருக்கும் டீம் கோட்டு கொடுத்தார்களே, அதை யாராவது திருப்பிக் கேட்டார்களா? நாட்டுக்காக ஆடச் சொல்லிவிட்டு வாடகைச் சட்டை மாதிரி திருப்பி வாங்குகிறார்களே, இது எந்த ஊர் நியாயம்?

ஆனாலும் கொடுத்துவிட்டேன், செல்வி. அடுத்த டூர் போய்விடுமோ என்று பயந்துவிட்டேன். அவர் மேல் இருப்பதைவிட என் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

படையலன்று வெறுங்கையோடு உன் வீட்டுக்குப் போனேன். உன் படத்துக்கு முன்னால் கேப்பை அடை, வறுத்த வேர்க்கடலையில் பிடித்த மல்லாட்டை உருண்டை எல்லாம் இருந்தன. துணிக்கென்று ஒரு தட்டு காலியாகக் காத்துக்கொண்டிருந்தது. நடந்ததைச் சொன்னேன். அம்மா அழுவார்கள் என்று நினைத்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"எம்மாம் பெரிய பொண்ணுங்களயெல்லாம் மடக்கி உழத் தள்ற. ஒரு சட்டைய உட்டுக் குடுத்துட்டு வந்து நிக்கிறியேடி."

ஓடிப்போய் ஒரு தாவணி வாங்கி வருகிறேன் என்றேன். "வோணாம், தட்டு அப்பிடியே இருக்கட்டும்" என்று கற்பூரத்தை ஏற்றிவிட்டார்கள்.

கேட்டுக்கொள், செல்வி. அடுத்த டூருக்கும் என்னை எடுப்பார்கள், எடுத்தே தீர வேண்டிய மாதிரி ஆடுவேன். இந்த முறை ஜெர்சியைப் பெட்டியில் வைக்க மாட்டேன். விமானத்திலும் ரயிலிலும் போட்டுக்கொண்டே வந்து உன் படத்துக்கு முன்னால்தான் கழற்றுவேன். நடுவில் கழற்றச் சொல்கிறவர் முதலில் என்னை மடக்கி விழத் தள்ளிப் பார்க்கட்டும்.

கடைசிவரை நீ அக்கா என்று கூப்பிடாத
உன் அக்கா,
மலர்