ஊழியர் பிள்ளைக்குக் கட்டணமில்லை

மார்ச் 4
மகளுக்கு இரண்டு கல்லூரிகளிலிருந்தும் இடமும் கட்டணச் சலுகையும் தருவதாகக் கடிதம் வந்துவிட்டது. ஒன்று, நான் பதினெட்டு வருடமாக எழுத்தர் வேலை பார்க்கும் கல்லூரி. ஊழியர் பிள்ளை என்பதால் கட்டணமே இல்லை. இன்னொன்று ஆறு மணி நேர ரயில் தூரம். பாதிக் கட்டணம் தள்ளுபடி, நூலகத்தில் பகுதிநேர வேலை, மீதிக்கு வங்கிக் கடன்.

மார்ச் 5
இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 7
இருக்கிறது. சலுகை விதிகள், மூன்றாம் பக்கம், பொடி எழுத்து: படிப்பு முடியும்வரை, நான்கு வருடமும், பெற்றோர் பணியில் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்ததே நான்தான்!
மே மாதத்தோடு வேலையை விட்டு, தோழியின் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறேன். சம்பளம் கொஞ்சம் குறைவு. அங்கே ஜன்னல் உண்டு, தினமும் கரித்துக்கொட்டும் சூப்பிரண்டு கிடையாது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இருந்தும் மகளிடம் சொல்லவில்லை. இனி சொல்லவும் மாட்டேன்.

மார்ச் 10
சாப்பாட்டு மேசையில் கட்டம் போட்டு ஒப்பிட்டாள். கட்டணம், விடுதி, புத்தகம், கடன். எங்கள் கல்லூரிப் பக்கம் முக்கால்வாசி பூஜ்யம்.
"அப்புறம் என்னடி? கண்ண மூடிக்கிட்டு இங்கயே சேரு."
துணிக்கடைக்காரர் மாதிரி பேசினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 11
தோழியிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். "இன்னும் நாலு வருஷமா? பைத்தியமாடி உனக்கு?" என்றாள். பிள்ளை பெத்துப் பாரு, தெரியும் என்றேன். அவளுக்கு மூன்று பிள்ளைகள்.

மார்ச் 14
தூரத்துக் கல்லூரிக்குச் சம்மதம் அனுப்பிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்தினேன். சும்மா கிடைக்கிறத உதறிட்டு கடன் வாங்கப் போறியா, யாரு குடுத்த திமிரு இது—
"அச்சகத்து ஆன்ட்டி எல்லாம் சொல்லிட்டாங்க. எங்கம்மா வருவாங்க, வேற ஆள் பாக்காதீங்கன்னு சொல்லிட்டேன்."
"கடன யாருடி கட்டுறது?"
"நான்தான். பொறந்ததுல இருந்து உன் சூப்பிரண்டு கதையத்தான் கேக்குறேன். இன்னும் நாலு வருஷம் என்னால முடியாதும்மா."
சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கோபம் மட்டும் போகவில்லை.

மார்ச் 15
பேசவில்லை.

மார்ச் 16
பேசினேன். எத்தனை நாள்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது?

ஜூன் 9
வங்கி. கடன் விண்ணப்பத்தில் 'தாயாரின் தொழில்' என்ற இடத்தில், பழக்கதோஷம், 'எழுத்தர்' என்று எழுதிவிட்டேன். மகள் பேனாவைப் பிடுங்கி, ஒரு கோடு கிழித்து, மேலே 'மெய்ப்புத் திருத்துநர்' என்று எழுதினாள்.
"அடிச்சு எழுதினா பக்கத்துல ஒரு கையெழுத்து வேணும்மா," என்றார் வங்கிக்காரர்.
போட்டேன்.